பெயரே விலையான நிரல்: டிக்குமட் விளையாட்டின் மூலநிரல் வரலாறு

முன்னுரை

சென்ற கல்வியாண்டின் இறுதியில் இளங்கலை மாணவர்தம் திட்டக் கட்டுரைகளை நாம் மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவற்றுள் ஒன்று மிக நன்றாக அமைந்திருந்தது. அதன் நடையும் சான்றுகளும் இருபது வயது மாணவர் ஒருவரின் கைக்கு மிஞ்சியனவாகத் தோன்றவே, அவரை அழைத்து வினவினோம். இணையத்திலிருந்து எடுத்ததாக அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். “எழுதியவர் பெயரை ஏன் குறிப்பிடவில்லை?” என்று கேட்டோம். “இலவசமாத்தானே சார் போட்டிருந்தாங்க? காசு கொடுத்து வாங்கியிருந்தா பேர் போட்டிருப்பேன்” என்றார். அவர் விடையில் கள்ளம் இல்லை. அதுவே எமக்கு வருத்தம் தந்தது. விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கு உரியவர் எவரும் இலர் என்னும் எண்ணம் அவரிடம் இயல்பாகவே வேரூன்றியிருந்தது.

அன்று அவருக்குத் தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர், கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவரோடு இதுபற்றி உரையாடுகையில், அவர் டென்மார்க்கு நாட்டு மாணவர் ஐவர் எழுதிய ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சுட்டிக்காட்டினார். விளையாட்டுகளில் எமக்கு ஈடுபாடு இல்லை. ஆயினும் அவ்வரலாற்றைத் தேடிப் படித்தபோது, மாணவர் எழுப்பிய வினாவுக்கு விடை அதனுள் இருப்பதைக் கண்டோம். அதனைத் தமிழ் மாணவர்க்கு விளங்கும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தால் அமைந்த உலகம்

இன்றைய கணினி விளையாட்டுகள் வண்ணப் படங்களாலும் ஒலியாலும் ஆனவை. அவற்றுக்கு முன்னர், எழுத்தை மட்டுமே கொண்டு இயங்கிய விளையாட்டுகள் இருந்தன. அவற்றுள் பலர் ஒரே வேளையில் கூடி ஆடுதற்குரியவை ‘மட்’ என வழங்கப்பெற்றன. ‘மல்ட்டி யூசர் டஞ்சன்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆகிய பெயர் அது. பலர் புகும் பாதாளச் சிறை என்பது அதன் நேர்ப்பொருள்.

ஆடுபவர் தம் கணினியிலிருந்து, தொலைவிலுள்ள மற்றொரு கணினியோடு வலைப்பின்னல் வழியாகத் தொடர்பு கொள்வார். திரையில் ஓர் இடத்தின் வருணனை தோன்றும். ‘நீர் ஒரு சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறீர், நாற்றிசையிலும் தெருக்கள் செல்கின்றன, காவலன் ஒருவன் இங்கே நிற்கிறான்’ என்பது போன்று அது அமையும். ஆடுபவர் ‘வடக்கு’ என்னும் பொருள்படும் ஆணையைத் தட்டெழுதினால், வடக்கேயுள்ள இடத்தின் வருணனை வரும். அதே இடத்தில் வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றால், அவர் வருகையும் எழுத்தாகவே தோன்றும். அவரோடு உரையாடலாம், துணையாகக் கொண்டு பகையை எதிர்க்கலாம். காட்சி முழுவதும் படிப்பவர் உள்ளத்தில் விரியும் என்பதால், மொழித்துறையினரும் நோக்கத்தக்க ஒரு வடிவம் இது எனலாம்.

இவ்வாறு ஒரு மென்பொருள் இயங்கவேண்டுமாயின், அதற்குரிய ஆணைகளை மனிதர் ஒரு நிரல்மொழியில் முதலில் எழுதவேண்டும். மனிதர் படித்தறியத்தக்க அவ்வெழுத்து வடிவமே மூலநிரல். மூலநிரலை ஒருவர் பிறர்க்குக் கொடுத்துவிட்டால், பெற்றவர் அதனை இயக்கலாம், மாற்றலாம், விரிக்கலாம், தம் பெயரை இட்டுக்கொள்ளவும் கூடும். நம் வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முன்னோடிகள்

மட் விளையாட்டுகளுள் முதலாவது இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் 1978-இல் அதனைத் தொடங்கினார். அப்பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியில் அது இயங்கியது. 1980-இல் அதனை மேலும் வளர்க்கும் பொறுப்பு ரிச்சர்டு பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவரிடம் வந்தது. அதே ஆண்டில் எசெக்சு கணினி வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்பெற, தொலைவிலிருந்தோரும் அதனுள் புக வழி பிறந்தது.

அடுத்துக் குறிக்கத்தக்கது ‘அபர்மட்’. வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் 1987-இல் ஆலன் காக்சும் அவர்தம் நண்பர்களும் அதனை எழுதினர். பின்னாளில் லினக்சு இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையான ஒருவராக அறியப்பெற்ற ஆலன் காக்சு இவரே. 1988-இல் அபர்மட் ‘சி’ என்னும் நிரல்மொழிக்கு மாற்றப்பட்டது. யூனிக்சு இயங்குதளம் உள்ள கணினிகளிலெல்லாம் இயங்கும் ஆற்றலை அது அதனால் பெற்றுப் பல்கலைக்கழகங்களிடையே விரைந்து பரவியது.

1989-இல் மேலும் இரண்டு தோன்றின. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்சு ஆஸ்பன்சு ‘டைனிமட்’ என்பதை எழுதினார். அதில் போரினும் உரையாடலும் இடங்களைப் புதிதாகப் படைத்தலுமே முதன்மை பெற்றன. சுவீடன் நாட்டின் லார்சு பென்ஷோ ‘எல்.பி.மட்’ என்பதை உருவாக்கினார். அதில் உலகை எழுதுவதற்கெனத் தனியானதொரு நிரல்மொழியே வகுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் உலகை மாற்றவும் இயன்றது. ஆனால், அம்மொழியைக் கற்றுத் தேர்ந்தவரே முழுமையான ஒரு விளையாட்டைச் சமைக்க முடிந்தது.

கோபன்ஹேகன் மாணவர் ஐவர்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பல்கலைக்கழகத்தில் உள்ள கணினி அறிவியல் துறைக்கு, அந்நாட்டு மொழிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டிக்கு’ என்று வழக்கு. அத்துறையின் மாணவர்களான செபஸ்தியன் ஹாமர், டாம் மேட்சன், காட்யா நூபோ, மைக்கேல் சைஃபர்ட், ஹான்சு ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட் ஆகிய ஐவரும் 1990-இல் ஒரு புதிய மட் விளையாட்டை எழுதத் தொடங்கினர். அபர்மட் அவர்கட்குத் தூண்டுகோலாக இருந்தது. ‘டஞ்சன்சு அண்டு டிராகன்சு’ என்னும் புகழ்பெற்ற மேசை விளையாட்டின் விதிமுறைகளும் அவர்கட்கு வழிகாட்டின. தம் துறையின் பெயரையே சேர்த்துத் தம் படைப்புக்கு ‘டிக்குமட்’ என்று பெயரிட்டனர். 1991-இல் அதன் மூலநிரலை எவரும் பெற்றுக்கொள்ளுமாறு வெளியிட்டனர்.

எல்.பி.மட் ஒரு பட்டறையையும் கருவிகளையும் கொடுத்து ‘நீரே கட்டிக்கொள்க’ என்றது. டிக்குமட்டோ கட்டி முடித்த வீட்டின் திறவுகோலைக் கையில் கொடுத்தது. மூலநிரலைப் பெற்று, யூனிக்சு கணினியொன்றில் இட்டு இயக்கினால், முழுமையான விளையாட்டு அன்றே ஆயத்தமாகிவிடும். அதன் நடுவே ‘மிட்கார்டு’ என்னும் நகரம் இருந்தது. வட ஐரோப்பியத் தொன்மத்தில் மாந்தர் வாழும் உலகுக்கு வழங்கும் பெயர் அது. அந்நகரில் கோயிலும் சந்தையும் அடுமனையும் படைக்கலக் கடையும் எழுத்தில் எழுந்து நின்றன. டிக்குமட் விரைந்து பரவியமைக்கு இம்முழுமையே முதற்காரணம் எனலாம்.

நிரலின் அமைப்பு

டிக்குமட்டின் உள்ளமைப்பு எளிமையானது; எளிமையே அதன் வலிமை. இயங்கு நிரல் சி மொழியில் இருந்தது. உலகோ வெறும் எழுத்துக் கோப்புகளில் தனியே இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்குக் கீழே இடத்தின் பெயர், அதன்கீழ் வருணனை, அதன்கீழ் எந்தத் திசையில் எந்த எண்ணுள்ள இடம் உளது என்னும் குறிப்பு என்று வரிசையாக அமையும். மிட்கார்டுக் கோயிலின் எண் 3001. நிரல் எழுதத் தெரியாதவரும் இக்கோப்புகளைத் திறந்து, புதிய தெருவையோ காட்டையோ எழுதிச் சேர்க்கலாம். இயந்திரத்தை ஒருவரும் உலகை மற்றொருவரும் எழுதும் இப்பிரிவினை, உலகை எழுதும் பணியைப் பலர்க்கும் திறந்துவிட்டது. இயங்கு நிரலை மாற்றவேண்டின் விளையாட்டை நிறுத்தி, மீண்டும் தொடங்கவேண்டும். அஃது இதன் குறையாகக் கருதப்பட்டது.

காலமும் அங்கே தனிக்கணக்கு உடையது. நம் 75 விநாடி அவ்வுலகில் ஒரு மணி. ஆகவே அங்கு ஒரு நாள் என்பது நமக்கு அரைமணி. மாதத்துக்கு 35 நாள். ஆண்டுக்கு 17 மாதம். கொல்லப்பட்ட காவலனும் எடுத்துச்செல்லப்பட்ட வாளும் குறித்த கால இடைவெளியில் தத்தம் இடத்தில் மீண்டும் தோன்றுமாறு ஒரு விதி அமைந்திருந்தது. ஒருவர் ஆடி முடித்த உலகம் அடுத்தவர்க்கு வெறுமையாகிவிடாமல் இருத்தற்குச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

ஆடுபவர் நான்கு தொழில்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வர்: போர்வீரர், மந்திரவாதி, குணப்படுத்தும் சமயகுரு, கள்வர். பகையை வெல்லுந்தோறும் பட்டறிவுப் புள்ளிகள் கூடும். புள்ளிகள் கூடக் கூட நிலை உயரும். பலர் ஒரு குழுவாகச் சேர்ந்தால் புள்ளிகளைப் பகிர்ந்துகொள்வர். போர்வீரர் முன்னின்று, நண்பர்மேல் விழும் அடியைத் தம்மேல் ஏற்கலாம். சமயகுரு காயத்தை ஆற்றலாம். மந்திரவாதி பின்னின்று தாக்கலாம். ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யும் இக்கூட்டுமுறை பின்வந்த விளையாட்டுகள் பலவற்றில் நிலைபெற்றது என்பது நோக்கத்தக்கது.

இவ்விளையாட்டு மாணவர்தம் நேரத்தை விழுங்கியதையும் இங்கே மறைத்தல் ஆகாது. இரவு முழுதும் ஆடிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டோர் பலர். மட் விளையாட்டுகளைத் தம் கணினிகளில் தடைசெய்த கல்வி நிறுவனங்களும் உண்டு. விளையாட்டைப் போற்றுவது நம் கருத்தன்று. அது கைமாறிய முறையையே நாம் ஆராய்கிறோம்.

ஐவரும் கேட்ட விலை

ஐவரும் தம் நிரலுக்குப் பணம் கேட்கவில்லை. ஆனால், நிரலோடு ஓர் உரிம ஆவணத்தை இணைத்திருந்தனர். அதன் கருத்துகளை நம் சொற்களில் தருகிறோம். இந்நிரலைக் கொண்டு எவ்வகையிலும் பொருளீட்டலாகாது. கோப்புகளில் உள்ள ஆசிரியர் பெயர்களையும் உரிமைக் குறிப்புகளையும் நீக்கலாகாது. விளையாட்டினுள் நுழைவோர்க்குக் காட்டப்பெறும் தொடக்கத் திரையில் ஐவர் பெயரும் தோன்றவேண்டும். ‘கிரெடிட்சு’ என்னும் ஆணையைத் தட்டினால் படைத்தோர் பற்றிய குறிப்பு வரவேண்டும். இதனைக் கொண்டு விளையாட்டு நடத்துவோர் அச்செய்தியைத் தமக்குத் தெரிவிக்கவேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இக்கட்டளைகள் புதியன அல்ல. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் இன்றியமையாதது என்பது நன்னூல் காட்டும் மரபு. அதில் கூறவேண்டியனவாக எண்ணப்படும் எட்டனுள் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். அடுத்து நிற்பது நூல் வந்த வழி. நூலினுள் புகுமுன் அதனைச் செய்தவர் யார், எதன்வழி வந்தது என்று படிப்பவர் அறிந்துகொள்ளவேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். டிக்குமட்டின் தொடக்கத் திரையும் அத்தகையதொரு பாயிரமே. அந்த ஐவரும் நன்னூலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் கொடுப்பவர் உள்ளம் எங்கும் ஒரே வகையாகவே கேட்கிறது போலும்.

கிளைத்து வளர்ந்த மரபு

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பது நம் இலக்கண மரபு. இப்பகுப்பை இரவலாகக் கொண்டு நோக்கின், டிக்குமட்டை முதல்நூலாகவும் அதன் நிரலை வாங்கித் திருத்தி விரித்தவற்றை வழிநூலாகவும் கொள்ளலாம்.

வழிநூல்களுள் ஒன்று ‘சர்க்கிள்மட்’. அமெரிக்காவின் ஜான்சு ஹாப்கின்சு பல்கலைக்கழக மாணவர் ஜெரமி எல்சன் 1993-இல் அதனை வெளியிட்டார். முதல்நிரலில் மலிந்திருந்த பிழைகளைக் களைந்து, பிறர் கட்டுதற்குரிய உறுதியான அடித்தளமாக அதனை ஆக்குவதே அவர்தம் நோக்கம். புதிய அணிகலன்களை அவர் மிகுதியாகச் சேர்க்கவில்லை. அவற்றை அவரவர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளட்டும் என விட்டார். அதன் வழித்தோன்றலான ‘டி.பி.ஏ.மட்’ நிரல் தொடக்க நிலையினர் பயிலுதற்கும் உதவுகிறது.

மற்றொன்று ‘மெர்க்’. மைக்கேல் சாஸ்டெயின், மைக்கேல் குவான், மிட்செல் சே ஆகிய மூவர் 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் அதனை வெளியிட்டனர். இடம், மாந்தர், பொருள் எனப் பல கோப்புகளில் சிதறிக் கிடந்த செய்திகளை, ஒரு பகுதிக்கு ஒரு கோப்பு என்னும் முறையில் அவர்கள் தொகுத்தனர். ஓர் ஊரை எழுதியவர் அதனை ஒரே கோப்பாக மற்றொருவர்க்கு அனுப்ப இது வழிசெய்தது. மெர்க்கிலிருந்து ரஸ் டெய்லரின் ‘ராம்’ 1993-இல் கிளைத்தது. டெரக் ஸ்னைடரின் ‘ஸ்மாக்’ 1990-களின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. இவை ஒவ்வொன்றிலிருந்தும் மேலும் பல கிளைத்தன.

ராம் நிரலின் கோப்புகளுள் ஒன்றைத் திறந்தால், முதல் ஆணை வருவதற்கு முன்னரே உடுக்குறிகளால் கட்டப்பெற்ற ஒரு பெட்டி காணப்படும். அதனுள் முதலில் டிக்குமட்டின் ஐவர் பெயர். அதன்கீழ் மெர்க் மூவரின் பெயர். அப்பெட்டியைத் தொடர்ந்து மற்றொன்றில் ராம் ஆசிரியரின் பெயர். மெர்க்கின் உரிமமும் தன்னைப் பயன்கொள்வோர் டிக்குவின் உரிமத்தையும் சேர்த்தே கடைப்பிடிக்கவேண்டும் என விதித்தது. எனவே, தலைமுறை கூடக் கூடப் பெயர்ப்பட்டியல் நீண்டதேயன்றிக் குறுகவில்லை. பிறந்த குழந்தைக்கு முப்பாட்டன் பெயர் முதலாகச் சொல்லிக்கொடுக்கும் குடும்பம் போன்று, ஒவ்வொரு நிரலும் தன் வழியைத் தானே உரைக்கிறது.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. ஐவர் கேட்டது தமக்குப் புகழ் என்று மட்டும் நினைத்தல் வேண்டா. அப்பெயர்கள் காக்கப்பட்டமையால்தான், எந்த நிரல் எதிலிருந்து வந்தது என்பதை எவரும் எளிதில் அறிய முடிகிறது. ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அஃது எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்று தேடலாம். அதே பிழை வேறு எங்கெல்லாம் இருத்தல் கூடும் என்றும் உணரலாம். பெயர் என்பது நன்றிக்கடன் மட்டுமன்று. வழிகாட்டும் கல்லும் ஆகும்.

பெயர் நீக்கப்பட்டபோது

எல்லோரும் இவ்வாறு ஒழுகவில்லை. மெர்க் வழிவந்த நிரலில் தொடங்கிய ஒரு விளையாட்டுத் தளத்தார், தொடக்கத் திரையிலிருந்து ஆசிரியர் பெயர்களை நீக்கிவிட்டு, ஆடுவோரிடமிருந்து பணமும் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டு 1990-களில் எழுந்தது. நிரலை முற்றிலும் புதிதாக எழுதிவிட்டோம், ஆகவே பழைய உரிமம் எம்மைக் கட்டாது என்பது அவர்தம் வாதம். மட் உலகில் பல்லாண்டு நீடித்த பூசல் அது.

இத்தகைய பூசலில் உண்மை காணும் முறை நம் பதிப்பாசிரியர் அறிந்ததே. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை காணப்படின், அவை ஒரே மூல ஏட்டின் படிகள் என்று ஐயுற இடம் உண்டு. சரியான பாடத்தை இருவர் தனித்தனியே எழுதக்கூடும். ஒரே பிழையை இருவர் தனித்தனியே செய்தல் அரிது. நிரலுக்கும் அது பொருந்தும். மாறிகளுக்கு இட்ட பெயர், ஆணைகளின் வரிசை, திருத்தப்படாத பிழை ஆகியவை தந்தையைக் காட்டிக்கொடுக்கும்.

கோபன்ஹேகன் ஐவரும் எவர்மீதும் வழக்காடியதாக நாம் அறிந்த வரலாற்றில் இல்லை. ஊதியம் பெறாத மாணவர்க்கு வழக்குச் செலவு ஏது? பெயரைக் காத்தது பெரும்பாலும் மட் நடத்துவோரின் ஒழுக்கமே. பெயரை நீக்கிய தளத்தைப் பட்டியலில் சேர்க்க மறுத்தும், ஆடுவோர்க்கு எடுத்துரைத்தும் அவர்களே காவல் புரிந்தனர். சட்டம் சென்றடையாத இடத்தில் சான்றோர் நாணமே வேலியாக நின்றது.

எவர்குவெஸ்ட்: ஒரு சான்றுறுதி

1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘எவர்குவெஸ்ட்’ என்னும் படக்காட்சி விளையாட்டு வெளிவந்தது. மாதக் கட்டணம் செலுத்திப் பல்லாயிரவர் ஒரே உலகில் ஆடும் வணிக விளையாட்டு அது. அதனை உருவாக்கியோருள் சிலர் முன்னர் டிக்கு மரபு மட்களில் ஆடியவர்கள். தொழில், குழு, நிலை உயர்வு, மீண்டும் தோன்றும் பகை என எல்லாமே டிக்குவை நினைவூட்டின. ஆகவே, அதன் உள்ளே டிக்குவின் நிரலே இயங்குகிறது என்னும் பேச்சு பரவியது. அஃது உண்மையாயின், பொருளீட்டலாகாது என்னும் விதி மீறப்பட்டதாகும்.

2000-ஆம் ஆண்டில், எவர்குவெஸ்டை எழுதியோர் தம் நிரலில் டிக்குமட்டின் நிரல் எதுவும் இல்லை எனச் சத்தியம் செய்து எழுத்து மூலம் உறுதி அளித்தனர். டிக்குமட் ஆசிரியர்களும் அதனை ஏற்று, தமக்கு ஐயமில்லை என அறிவித்தனர். பெருநிறுவனம் ஒன்றின் படைப்பாளர், விலையின்றிக் கொடுத்த மாணவர்க்குக் கையொப்பமிட்டு விடை கூறவேண்டி நேர்ந்தது. அந்த உரிமத் தாளின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எவர்குவெஸ்டை நம் பகுப்பின்படி சார்புநூல் எனலாம். சொல்லை எடுக்கவில்லை, கருத்தைச் சார்ந்தது. எவர்குவெஸ்டை ஆடித் தேர்ந்தோர் சிலர் பங்காற்றிய ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004-இல் வந்து உலகெங்கும் பரவியது. 1997-இல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டரும் டிக்கு மரபு மட்களில் பயின்றவரே. மிட்கார்டுத் தெருக்களில் எழுத்தாய் நடந்தவர்களே பின்னர் வண்ணத் தெருக்களை வரைந்தனர்.

லினக்சோடு ஓர் ஒப்பீடு

டிக்குமட் வெளிவந்த அதே 1991-இல், பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்சு என்னும் மாணவர் லினக்சு இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். அதன் முதல் உரிமமும் பணத்துக்கு வழங்குவதைத் தடுத்தது. ஆனால் 1992-இன் தொடக்கத்தில் அவர் அதனை மாற்றி, பொது உரிமம் எனப்படும் ஜி.பி.எல். உரிமத்தை மேற்கொண்டார். விற்கலாம், மாற்றி வெளியிட்டால் மூலநிரலையும் பிறர்க்குக் கொடுத்தாகவேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனங்கள் பணமும் உழைப்பும் இட்டு லினக்சை வளர்க்க அம்மாற்றம் வழிதிறந்தது.

டிக்குமட் தன் பழைய விதியிலேயே நின்றது. அதனால் வணிக உலகம் அதன் கருத்தை எடுத்துக்கொண்டு நிரலைத் தொடாது விட்டது. எந்த முடிவு சிறந்தது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமுண்டு. பொருளீட்டத் தடை இருந்தமையால் வளர்ச்சி குன்றியது என்பர் சிலர். அத்தடை இருந்தமையால்தான் மாணவரும் ஆர்வலரும் அச்சமின்றிப் பகிர்ந்து ஆடினர் என்பர் வேறு சிலர். 2020-இல் ‘டிக்குமட் மூன்று’ திறந்த உரிமத்தோடு வெளிவந்தது. இணைய உலாவி வழியாகவும் அதனை ஆடலாம். கொடுத்தவரே தம் விதியைத் தளர்த்திக்கொண்டனர். அதற்கும் உரிமை அவர்க்கே உண்டு.

இரண்டு உரிமங்களும் வேறுபட்டன எனினும் ஒன்றில் உடன்பட்டன. விற்கலாம் என்றதும் விற்கலாகாது என்றதும், ஆசிரியர் உரிமைக் குறிப்பை அழிக்கலாம் என்று சொல்லவில்லை.

முடிவுரை

எழுத்து மட்டுமே கொண்ட மட் விளையாட்டுகளை ஆடுவோர் இன்று மிகக் குறைவு. ஆயினும், டிக்கு மரபு நிரல்களில் ஒன்றை இன்றும் ஒருவர் பெற்று இயக்கலாம். இயக்கினால், மிட்கார்டின் கோயில் வாயிலில் நிற்குமுன் ஐந்து பெயர்களைக் கடந்தே செல்லவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கை மாறி, நாடு மாறி, பிறர் திருத்திய பின்னரும் அப்பெயர்கள் அங்கேயே இருக்கின்றன.

மாணவரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நாம் கொடுத்த காசோடு கணக்கு முடிந்துவிடும். விலையின்றிப் பெற்றதற்கு அவ்வாறு முடிவதில்லை. கொடுத்தவரின் பெயரைச் சொல்வது ஒன்றே அதற்கு நாம் செலுத்தக்கூடிய விலை. அதனையும் கொடாதுவிடின், நாம் பெற்றது கொடையாக இராது, களவாகிவிடும். நிரலுக்கு மட்டுமன்று, வகுப்புக் குறிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் கவிதைக்கும் இது பொருந்தும்.

இவ்வரலாற்றை அம்மாணவரிடம் கூறினோம். விளையாட்டு என்றதும் ஆர்வத்தோடு கேட்டவர், ஐந்து பெயர்களைப் பற்றிச் சொன்னபோது அமைதியானார். ஒரு திங்கள் கழித்து, தாமே திருத்தி எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து தந்தார். முந்தையதைவிடச் சுருங்கியிருந்தது, நடையும் சற்றே தடுமாறியது. முதற்பக்கத்தில் மூல ஆசிரியரின் பெயர் மேலேயும், தம் பெயர் அதன்கீழும் இருந்தன. முந்தைய கட்டுரைக்கு மறுத்த மதிப்பெண்ணை இதற்கு மனநிறைவோடு வழங்கினோம்.